ஒரு கோதுமை ரகத்துக்கு இவ்வளவு வருஷமா?

ஒற்றைப்பனை:
சீனக் கோதுமை மரபியலாளர் லி ஜென்ஷெங்குக்கு 2024இல் 'குடியரசுப் பதக்கம்' கொடுத்தார்கள். மரியாதை எல்லாம் சரி. ஆனால் 1956இல் ஷான்சி மாகாணத்து யாங்லிங்குக்குப் போனவர், கோதுமையைக் காட்டுப்புல்லோடு கலந்து 'ஷியாவ்யன் 6' ரகத்தை வயலுக்குக் கொண்டுவர 1980களே பிறந்துவிட்டன. அதற்குள் பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட அமெரிக்க விஞ்ஞானி போர்லாக்கின் குட்டைக் கோதுமை மெக்சிகோவிலிருந்து பஞ்சாப் வரை வந்துவிட்டதே!

வரப்புமேடு:
போர்லாக் கலந்தது கோதுமையோடு கோதுமையை. லி கலந்தது 42 குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) கொண்ட கோதுமையோடு 70 குரோமோசோம் புல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவே பூக்காது. செயற்கை வெளிச்சம் கொடுத்துப் புல்லை முன்கூட்டியே பூக்க வைத்தார்கள். அப்படியும் பிறந்த கலப்பு மலடு.

ஏன் இந்தப் பாடு? 1950இல் மஞ்சள் துரு நோய் சீனாவில் சுமார் 60 லட்சம் டன் கோதுமையைத் தின்றது. புது ரகம் வந்தாலும் பூஞ்சை சில வருஷத்தில் உருமாறி அதையும் சாய்த்துவிடும். அந்தப் புல்லையோ துரு அண்டுவதில்லை.

1964 ஜூனில் நாற்பது நாள் அடைமழைக்குப் பின் திடீரென்று வெயில் கொளுத்தியது. ஒரே நாளில் சோதனை வயல் கிட்டத்தட்ட முழுக்கக் காய்ந்து போனது. தப்பி நின்ற கலப்புதான் ஷியாவ்யன் 6க்குத் தாத்தா.

ஒற்றைப்பனை:
ஆக, வானம் பொறுக்கிக் கொடுத்தது! பெய்ஜிங்கில் மரபணுத் திருத்த ஆய்வாளர் காவ் சாய்ஷியாவும் சகாக்களும் 2014இல் ஒரு மரபணுவின் மூன்று பிரதிகளையும் வெட்டி, சாம்பல் நோய் தாங்கும் கோதுமையைக் காட்டினார்கள். வானத்தைப் பார்த்துக் காத்திருக்கவில்லை.

வரப்புமேடு:
மரபணுவை வெட்டிய செடி வளர்ச்சியில் பின்தங்கியது, அந்தக் குறை நீங்கிய கோதுமை 2022இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நெல்மணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தாமதம் லிக்கே பிடிக்கவில்லை. புல்லின் ஒரு குரோமோசோம் மணிக்கு நீல நிறம் தரும். அதையே அடையாளமாக்கினார். கதிரைப் பிரித்தால் அடர்நீலம், வெளிர்நீலம், வெள்ளை என்று மணிகள் கலந்திருக்கும். வெள்ளை மணியில் அந்தக் குரோமோசோம் கிடையாது; எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணாலேயே பார்த்துப் பொறுக்கிவிடலாம். பல பத்தாண்டு பிடித்த வேலை சில வருஷமாகச் சுருங்கியது.

ஒற்றைப்பனை:
அப்படியென்றால் பதக்கத்துக்கு உரியது நீல மணி. ஷியாவ்யன் 6 இல்லை.

வரப்புமேடு:
நீல மணியையா அரைத்துத் தின்றார்கள்? ஷியாவ்யன் 6 மொத்தம் ஒரு கோடி ஹெக்டேரில் விதைக்கப்பட்டது, பல டஜன் ரகங்களுக்குத் தாயானது. 'நூடுல்ஸ் தின்ன வேண்டுமா, ஷியாவ்யன் விதை' என்பது அங்குள்ள விவசாயிகளின் பேச்சு. அவர்களிடம் போய் நீல மணி என்று சொல்லிப் பாருங்கள்.