முதல் ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டி: எந்த மீன்கள் ஒத்துப்போகும்?

கேள்வி

வணக்கம். 4 அடி நீளமும் ஏறத்தாழ 220 லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டி ஒன்றை முதன்முறையாக அமைத்திருக்கிறேன். ஃபில்டரும் ஹீட்டரும் இரண்டு வாரமாக ஓடுகின்றன. மீன் இன்னும் விடவில்லை. யெல்லோ லேப், டெமசோனி, பீகாக், ஃப்ரண்டோசா, கிரிபென்சிஸ் ஆகிய சிக்லிட் குடும்ப மீன்களில் ஒவ்வொரு சோடி வாங்கலாம் என்று நினைக்கிறேன். எல்லாமே ஆப்பிரிக்க மீன்கள்தாமே, ஒன்றாக இருந்துகொள்ளும் அல்லவா? பிழை இருந்தால் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதில் 1

முன்கூட்டியே கேட்டது நல்லதாயிற்று. ஆப்பிரிக்கா என்பது மிகப் பெரிய கண்டம். அங்கிருந்து வந்தவை என்பதற்காக இந்த மீன்கள் ஒன்றுக்கொன்று உறவாகிவிடுவதில்லை. உங்கள் பட்டியலில் யெல்லோ லேப், டெமசோனி, பீகாக் மூன்றும் மலாவி ஏரியைச் சேர்ந்தவை. ஃப்ரண்டோசா டாங்கனிக்கா ஏரியின் மீன்; 30 செ.மீ. வரை வளர்ந்து, வாய்க்கு அடங்கும் சிறு மீன்களை இரவில் விழுங்கக்கூடியது. கிரிபென்சிஸ் மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளின் மென்னீரில் (கனிமங்கள் குறைந்த நீரில்) வாழும் சிறிய மீன். ஆகவே இந்த இரண்டையும் இப்போதே நீக்கிவிடுங்கள்.

மலாவி மீன்களிலும் பாறை இடுக்குகளில் வாழ்ந்து பாசியைச் சுரண்டித் தின்னும் ம்புனா ஒரு வகை. மணல்பரப்பின் மேல் அசையாமல் மிதந்து, உள்ளே நெளியும் புழுபூச்சிகளைத் தலையிலுள்ள உணர்துளைகளால் கண்டறிந்து கவ்வும் பீகாக் இன்னொரு வகை. பீகாக் சாதுவானது, ம்புனாக்களின் துரத்தலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நிறம் மங்கி ஒதுங்கிவிடும். உணவும் ஒத்துவராது. பாசி தின்னும் ம்புனாவின் குடல் நீளமானது என்பதால், பீகாக்குக்குப் போடும் புரதம் மிகுந்த தீனியைத் தொடர்ந்து தின்றால் வயிறு உப்பும் நோய் வர வாய்ப்பு அதிகம்.

டெமசோனி அழகுதான், ஆனால் தன் இனத்தையே பகைப்பது. சோடியாக விட்டால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். பன்னிரண்டுக்கு மேல் கூட்டமாக விட்டால்தான் சண்டை பரவிக் குறையும். முதல் தொட்டிக்கு அது வேண்டாம்.

என் பரிந்துரை யெல்லோ லேப், ரஸ்டி சிக்லிட், மஞ்சள் வால் ஏசீ ஆகிய மூன்றும்தான். மூன்றும் ம்புனாக்களில் அமைதியானவை. ஒன்றின் நிறம் மற்றொன்றுக்கு இல்லை என்பதால் போட்டியும் குறையும். (யெல்லோ லேபின் அறிவியல் பெயரில் உள்ள ‘சீருலியஸ்’ என்பதற்கு நீலம் என்று பொருள், ஏரியின் ஒரு குறிப்பிட்ட கரையில் மட்டும் கிடைத்த மஞ்சள் வகைதான் உலகெங்கும் பரவிவிட்டது.)

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சோடிக் கணக்கை விட்டுவிடுங்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஓய்வே கிடைக்காது. என் முதல் தொட்டியில் அப்படி விட்ட ஒரு பெண் மீன், வால் கிழிந்து, ஹீட்டருக்குப் பின்னால் நீர்மட்டத்தை ஒட்டியே நாள் முழுவதும் நின்றது. குஞ்சுகளாக ஒவ்வொன்றிலும் ஆறு வாங்கி, வளர்ந்தபின் மிகுதியான ஆண்களை அகற்றி, ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ப ஃபில்டரும் வலுவாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த மூன்று இனங்களையே வாங்குகிறேன். இரண்டு வாரம் ஆகிவிட்டதால் இந்த வாரமே விடலாமா?

பதில் 3

பொறுங்கள். வெறும் நீரில் ஃபில்டர் எத்தனை வாரம் ஓடினாலும், அம்மோனியா (மீன் கழிவில் உண்டாகும் நஞ்சு) இல்லாவிட்டால் அதை உண்டு வாழும் பாக்டீரியா பெருகாது. சிறிதளவு அம்மோனியா சேர்த்து, அது நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுவதை டெஸ்ட் கிட்டில் பாருங்கள்; பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இந்த மீன்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நஞ்சான பகுதி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மலாவி மீன்களுக்கு ஏற்ற 8.3இல் அதுவே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. மற்ற தொட்டியில் தாங்கக்கூடிய அளவு இங்கே கொன்றுவிடும்.

காத்திருக்கும் நாள்களில் பாறைகளைச் சரிபாருங்கள். மணலைப் பரப்பி அதன்மேல் அடுக்கியிருந்தால் எடுத்துவிட்டு, அடிக்கண்ணாடியின் மேல் நேரடியாகப் பாறையை நிறுத்தி அதன்பின் மணலைப் போடுங்கள். மீன்களை விட்டபின், விளக்கணைக்கும்போது சமமாக இருந்த மணலில் காலையில் கிண்ணம்போல் குழி இருக்கும். இந்த மீன்கள் வாயால் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருப்பவை. அடிமணல் போனால் பாறை சரியும், சரிவது கண்ணாடிப் பக்கமாகவும் இருக்கலாம்.