பாட்டி வீட்டுக் கிறிஸ்துமஸ் ஒயின்: பக்குவம் தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் பாட்டி, நவம்பர் பிறந்ததும் கம்பத்துப் பன்னீர் திராட்சையை வாங்கி, கழுவித் துணியில் உலர்த்தி, மத்தால் மசித்து, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை ஆகியவற்றோடு பீங்கான் பரணியில் இட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி வைப்பார். காலைதோறும் மரக்கரண்டியால் கிளறும்போது நுரை பொங்கும் மெல்லிய ஓசையைக் கேட்க, பிள்ளைகள் நாங்கள் பரணியின்மேல் காதை வைத்து நிற்போம். கிறிஸ்துமஸ் அன்று பெரியவர்களுக்குச் சிறு குவளை. எங்களுக்கு ஒரு கரண்டி. முதலில் இனிப்பு, பின் நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு, தொண்டையில் இறங்கும்போது கிராம்பின் காரம்.

நாசிக் ஒயின்கள் சிலவற்றைச் சுவைத்துப் பார்த்தேன். அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கே உரிய அந்த மணம் அவற்றில் இல்லை.

பாட்டி மறைந்தபின் சென்ற ஆண்டு நானே முயன்றபோது, மூன்றாம் வாரத்தில் எல்லாம் காடியாகப் புளித்துவிட்டது. நொதித்தல் அடங்கியபின்னும் காற்றுப் படவிட்டதே காரணம் என்று எண்ணுகிறேன். உங்கள் வீடுகளில் எத்தனையாவது நாள் வடிகட்டிப் புட்டியில் அடைப்பீர்கள்? நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பதுண்டா? கோதுமை எதற்காக? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவோடு எழுதினால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன்.