லேப் ரிப்போர்ட் எதுவும் திறக்கவில்லை, பேக்கப்பை உடனே ஏற்றலாமா? அவசரம்

ஒற்றையாள்_ஐடி · காலை 7:40

60 படுக்கை உள்ள மருத்துவமனை. கணினி வேலை முழுக்க நான் ஒருவன்தான். காலை 6 மணிக்கு லேப்பிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் ரிப்போர்ட் ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்புப் பெயரின் வாலிலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் கோப்பு. லேப் சர்வர், எக்ஸ்ரே ரிப்போர்ட் அடிக்கும் கணினி, வரவேற்பில் 2 கணினிகள் போய்விட்டன. பில்லிங் சர்வர் இன்னும் ஓடுகிறது.

தினமும் இரவு 1 மணிக்கு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) பேக்கப் விழும். "9 மணிக்கு ஓபி ஆரம்பம், அதற்குள் பேக்கப்பை ஏற்று, வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்" என்கிறார் மேலாளர். ஏற்றலாமா?

பழைய_கேபிள் · 7:46

ஏற்றாதீங்க தம்பி. இது ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற மென்பொருள். முதலில் நாஸ் பெட்டியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்க. அதைச் செய்துவிட்டு மீதியைப் படிங்க.

அடுத்து ரவுட்டரில் இன்டர்நெட்டைத் துண்டியுங்க. பிறகு பில்லிங் சர்வர் உட்பட எல்லாக் கணினிகளின் கேபிளும், வைஃபையும். பவரை அணைக்க வேண்டாம். உள்ளே எது ஓடியது என்ற தடயம் மெமரியில் இருக்கும், அணைத்தால் போய்விடும். கேபிளைப் பிடுங்கவே வழியில்லாத கணினி என்றால் மட்டும் அணைச்சிடுங்க. அந்த டெக்ஸ்ட் கோப்பிலும் கெட்டுப்போன கோப்புகளிலும் இரண்டு மூன்று மாதிரியைத் தனியாக எடுத்து வையுங்க. ஐரோப்பிய ஒன்றியக் காவல் அமைப்பான யூரோபோல் கூட்டாளியாக இருக்கிற 'நோ மோர் ரான்சம்' தளத்தில், வேறொரு சுத்தமான கணினியிலிருந்து, அந்த வகைக்கு இலவசத் திறவுகோல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஆபீஸ் மெயிலில் இதைப் பற்றி ஒரு வரி எழுதாதீங்க. உள்ளே இருப்பவன் அதையும் படித்துக்கொண்டிருக்கலாம். எல்லாம் போனிலேயே பேசுங்க.

ஏன் ஏற்றக் கூடாது என்றால், வந்தவன் எந்த வழியாக வந்தான் என்று இன்னும் தெரியாது. 2021இல் அயர்லாந்தின் அரசு சுகாதாரச் சேவை முடங்கியது மே 14ஆம் தேதி. ஆனால் விஷம் வைத்த எக்செல் கோப்பை ஒரு ஊழியர் திறந்தது மார்ச் 18இல். எட்டு வாரம் சத்தமில்லாமல் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். வாசல் திறந்திருக்கும்போது பேக்கப்பை ஏற்றினால் அதையும் அவனுக்கே கொடுத்த மாதிரி.

இரவுப்பணி_செவிலி · 7:58

கணினியை நீங்கள் பாருங்கள் தம்பி. ஆனால் 9 மணி ஓபியை விட, இப்போது படுக்கையில் இருப்பவர்கள்தான் முதலில். பில்லிங் சர்வரில் உள்நோயாளிப் பட்டியலும் மருந்து விவரமும் இருக்கிறதா? இருந்தால் கேபிளைப் பிடுங்கிய பிறகு ஒரு பிரிண்டரை யூஎஸ்பியில் நேராகப் போட்டு, வார்டு வாரியாக அச்சடித்துக் கொடுங்கள். பெயர், வயது, ரத்த வகை, அலர்ஜி, ஓடுகிற மருந்து. அலர்ஜிதான் முக்கியம், அந்த ஒரு வரி கணினியில் மட்டும் இருந்து, டியூட்டி டாக்டர் புதியவராக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

லேப்புக்குத் தாளில் ரிக்வெஸ்ட். பொட்டாசியம், ஹீமோகுளோபின் போல உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால் போனில் சொல்ல வேண்டும், கேட்டவர் எழுதிக்கொண்டு திருப்பி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் நேரம், கையெழுத்து. எங்கள் இடத்தில் ஒருமுறை 4 நாள் இப்படி ஓடியது. முதல் ஷிப்டில் எல்லோரும் தடுமாறினார்கள், அடுத்ததில் பழகிவிட்டது.

ஒற்றையாள்_ஐடி · 11:15

எல்லாக் கேபிளும் பிடுங்கியாச்சு. அக்கா சொன்னபடி அச்சடித்து 4 வார்டுக்கும் கொடுத்துவிட்டேன், நன்றி அக்கா.

நாஸ் பெட்டியைத் தனியாக வைத்துத் திறந்து பார்த்தேன். பழைய பிரதிகள் எல்லாம் அழிக்கப்பட்டிருக்கின்றன. நேற்று இரவுப் பிரதியில் பாதி பூட்டியிருக்கிறது, நான் கேபிளைப் பிடுங்கியதால் மீதி நின்றிருக்கிறது. நாஸுக்கும் சர்வருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு, அது நான் வைத்ததுதான். 9 நாளுக்கு முன் ஆடிட்டுக்காக எடுத்த யூஎஸ்பி டிஸ்க் ஒன்று கணக்கர் அலமாரியில் கிடைத்தது. அது எதிலும் செருகப்படவில்லை.

லேப் சர்வர் ஈவன்ட் லாக்கில் அதிகாலை 2:17க்கு ஒரு 4624 (யாரோ உள்நுழைந்த பதிவு), லாகான் டைப் 10. வந்த ஐபி சிடி ஸ்கேன் கன்சோலுடையது, அதாவது அந்த மெஷினை இயக்கும் கணினி. கன்சோலில் 1102 மட்டும் இருக்கிறது, அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

பழைய_கேபிள் · 11:31

டைப் 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப், வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக நுழைவது. 1102 என்றால் லாக்கை அழித்துவிட்டுப் போயிருக்கிறான். ஸ்கேன் மெஷின் கம்பெனிக்காரர்கள் சர்வீஸுக்காகத் தொலைவிலிருந்து நுழைய அந்தக் கன்சோலில் ஏதாவது வைத்திருக்கிறார்களா? பாஸ்வேர்டு எப்போது மாற்றியது?

அந்த யூஎஸ்பி டிஸ்க்தான் உங்கள் ஆஸ்பத்திரி இப்போது. இருக்கிற எந்தக் கணினியிலும் செருகாதீங்க. புதிதாக விண்டோஸ் ஏற்றிய, நெட்வொர்க்கே இல்லாத கணினியில் செருகி, முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி. வேலையெல்லாம் அந்தப் பிரதியில்தான். சிஸ்டம் இமேஜ் (விண்டோஸோடு சேர்த்த முழு நகல்) இருந்தால் அதைத் தொடாதீங்க, 9 நாளுக்கு முன்பே அவன் உள்ளே இருந்திருக்கலாம். சர்வரைப் புதிதாக நிறுவி, டேட்டாபேஸை மட்டும் எடுங்க.

ஒற்றையாள்_ஐடி · 12:05

இருக்கிறது அண்ணா. சர்வீஸ் மென்பொருள் 24 மணி நேரமும் திறந்தே இருக்கும். மெஷின் நிறுவிய நாளிலிருந்து ஒரே பாஸ்வேர்டு. கன்சோல் விண்டோஸ் 7.

மேலாளர் பணத்தைக் கொடுத்து முடித்துவிடலாமா என்கிறார்.

தரவுக்_காவல் · 12:40

மேலாளருக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்குள் திருட்டு பாஸ்வேர்டு வைத்து நுழைந்தார்கள். அந்த ரிமோட் வாசலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. 2.2 கோடி டாலர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் வேறொரு கும்பல், தரவு எங்களிடம் இருக்கிறது என்று மறுபடி மிரட்டியது. அயர்லாந்தில் திறவுகோலை இலவசமாகவே கொடுத்தார்கள். அப்படியும் எல்லாவற்றையும் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது.

மறைப்பது பற்றி. பூட்டுவதற்கு முன் நகல் எடுத்துக்கொண்டு போவது இந்தக் கும்பல்களின் வழக்கம். ஃபயர்வாலில் கடந்த சில இரவுகளில் வெளியே போன டேட்டா அளவைப் பாருங்கள். போயிருந்தால் அடுத்த மிரட்டல் நோயாளிக்கே வரும். பின்லாந்தில் வாஸ்டாமோ என்ற மனநலச் சிகிச்சை மையத்தில் திருடிய குறிப்புகளை வைத்து, 2020இல் நோயாளிகளையே ஒவ்வொருவராக மிரட்டிப் பணம் கேட்டார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். நோயையும் சிகிச்சையையும் எப்படி மாற்றுவது? அது அவர்களுடைய விஷயம், தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

சட்டமும் நேரம் குறிக்கிறது. இந்தியாவில் கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரம், ஐரோப்பிய ஒன்றியத்தில் கண்காணிப்பு அமைப்புக்கு 72 மணி நேரம், அமெரிக்காவின் நோயாளித் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஹிப்பா விதியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதிகபட்சம் 60 நாள். உங்களுக்கு எது பொருந்துமோ, தெரிந்த நொடியிலிருந்து எண்ணுங்கள். 6 மணிக்குப் போன் வந்தது என்றால் அந்த 6 மணி நேரக் கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது, இனியும் தாமதிக்காதீர்கள்.

ஒற்றையாள்_ஐடி · 3ஆம் நாள், இரவு 9:20

புகார் அன்றே கொடுத்தாச்சு, மேலாளர்தான் கையெழுத்துப் போட்டார். பணம் கொடுக்கவில்லை. புதிய சர்வரில் டேட்டாபேஸ் ஏறிவிட்டது, 9 நாள் மட்டும் பள்ளம். அதில் பெரும்பகுதியை லேப் டெக்னீஷியன் காப்பாற்றினார்: அனலைசர் மெஷின்கள் முடிவுகளைத் தங்கள் நினைவகத்தில் வைத்திருக்குமாம், அங்கிருந்து மறுபடி அனுப்பினார். மாதிரி எண்ணையும் நோயாளி எண்ணையும் இருவர் ஒத்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறோம்.

சிடி கம்பெனி விண்டோஸை மாற்றவோ பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போடவோ கூடாது என்கிறது. ஸ்கேன் இல்லாமலும் முடியாது. என்ன செய்வது?

பழைய_கேபிள் · 9:48

அது எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிற தலைவலி. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது, மெஷின் இன்னும் பல வருஷம் ஓடும். குணப்படுத்த முடியாததைத் தனி அறையில் வைங்க. கன்சோலுக்குத் தனி விலேன், அதாவது மற்றக் கணினிகளிலிருந்து பிரித்த நெட்வொர்க். அங்கிருந்து ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வரின் ஒரே ஐபிக்கு, படங்களை அனுப்பும் டைகாம் போர்ட் மட்டும். 104 அல்லது 11112, உங்கள் அமைப்பில் எதுவோ அது. கோப்புப் பகிர்வுக்கான 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389, இன்டர்நெட் எல்லாம் மூடல். ஒர்க்லிஸ்ட் (ஸ்கேன் எடுக்க வேண்டியவர்களின் பட்டியல்) வேறு சர்வரிலிருந்து வந்தால் அதற்கு இன்னொரு விதி, அவ்வளவுதான்.

2017 மே 12 வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது 445 வழியாகத்தான். பேட்ச் மார்ச் மாதமே வந்திருந்தும் இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவ டிரஸ்ட்டுகளில் 81 பாதிக்கப்பட்டன. 2022இல் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டதற்கும் நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததைத்தான் அரசு நாடாளுமன்றத்தில் காரணமாகச் சொன்னது.

சர்வீஸ்காரர் உள்ளே வர வேண்டுமானால் போன் செய்யட்டும். நீங்கள் திறங்க, இரண்டாம் கட்டச் சரிபார்ப்போடு வரட்டும், முடிந்ததும் மூடுங்க. நாஸுக்கு வேறு பாஸ்வேர்டு. வாரம் ஒருமுறை யூஎஸ்பி பிரதி எடுத்துக் கழற்றி வையுங்க, மாதம் ஒருமுறை அதை ஏற்றிப் பாருங்க. அந்தக் கணக்கர் அலமாரி நல்ல இடம்தான்.

ஒற்றையாள்_ஐடி · 4ஆம் நாள், மாலை 6:05

விலேன் போட்டாச்சு. சிடி படம் பேக்ஸுக்குப் போகிறது, கன்சோலிலிருந்து வேறு எந்தக் கணினிக்கும் பிங் போகவில்லை. ஃபயர்வாலில் அந்த இரவு ஏறக்குறைய 11 ஜிபி வெளியே போயிருக்கிறது. நோயாளிகளுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்திருக்கிறோம்.

இரவுப்பணி_செவிலி · 6:30

கடிதத்தில் எந்தெந்தத் தகவல் போனது என்று எளிய தமிழில் எழுதுங்கள், கீழே ஒரு போன் நம்பர் போடுங்கள், அதை எடுத்துப் பேச ஒரு ஆளை உட்காரவையுங்கள். இந்த 4 நாளும் எழுதிய தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. ஒவ்வொன்றும் கேஸ் ஷீட்டில் சேர வேண்டும்.

ஒற்றையாள்_ஐடி · 6:34

பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன் அக்கா. ஐசியூ தாள்களிலிருந்து தொடங்குகிறோம்.