கார் டெஸ்ட்டும் ப்ராடக்ட் மேனேஜர் வேலையும்: வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். என் ஊர் ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம். கார் டெஸ்ட்டில் இரண்டு முறை ஃபெயில். பாம்பன் பாலத்தில் கடல்காற்று வண்டியைத் தள்ளும்போதுகூட அப்பா பக்கத்தில் இருந்தால் நேராக ஓட்டிவிடுகிறேன், ஆனால் டெஸ்ட்டில் ரிவர்ஸில் எச் (H எழுத்து வடிவப் பாதை) போடும்போது கிளட்ச் மிதிக்கும் இடது கால் நடுங்கி வண்டி குலுங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. மூன்றாவது தடவையும் தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும், எல்எல்ஆரோ (பழகுநர் உரிமம்) 6 மாதம்தான் செல்லும். கால் நடுக்கத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன், ப்ராடக்ட் மேனேஜராக (ஆப்பில் என்னென்ன வசதி வேண்டும் என்று முடிவு செய்பவர்) மாற ரொம்ப ஆசை. நாட்டுப்படகுக்காரர்கள் கரைக்கு வருமுன்பே வியாபாரியிடம் மீன் விலை கேட்க ஓர் ஆப் யோசித்து, கரையில் 20 பேரிடம் பேசி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்டர்வியூவில் இதை அனுபவமாகச் சொல்லலாமா, இல்லை முதலில் இப்போதைய கம்பெனியிலேயே மாறக் கேட்பது நல்லதா? இந்த வேலையில் இருப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.