பெற்றோருக்கு ஜெனரேட்டர்: கனடாவிலிருந்து அனுப்பும் முன் ஒரு கணம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

இலங்கையில், கொழும்பை அடுத்த தெஹிவளையில் தனியே இருக்கும் தாய் தந்தையருக்கு ஒரு பெற்றோல் ஜெனரேட்டர் எடுத்துக் கொடுக்க விரும்புவதாகவும், தள்ளுபடி விலையில் கண்ட 5,000 வாற் இயந்திரமொன்றைக் கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பலாமா என்றும் ரொறன்ரோவிலிருந்து நமது தம்பி ஒருவர் சென்ற வாரம் கேட்டிருந்தார். இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் அவருக்கு வந்த மறுமொழிகள் எல்லாம் எத்தனை வாற் போதும் என்பதைப் பற்றியே இருந்தன. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, 2022 இல் அவசரப்பட்டு ஒரு ஜெனரேட்டரை வாங்கி அதனால் அலைக்கழிந்தவன் என்ற முறையில் நான் சற்று விரிவாக எழுதுகிறேன். கரண்ட் போகும் நேரத்தில் அந்த வீட்டில் யார் இருப்பார்கள், இயந்திரம் எந்த இடத்தில் நிற்கும் என்ற இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும். வாற் கணக்கை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி, கனடாவிலிருந்து அனுப்ப வேண்டாம். இங்கே மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். அங்கே 120 வோல்ற், 60 ஹேட்ஸ். (ஹேட்ஸ் என்பது மின்னோட்டம் ஒரு நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற அளவு.) பெரிய இயந்திரங்களில் 240 வோல்ற் தரும் துளையொன்றும் இருப்பதைக் கண்டு, அது இங்கும் பொருந்தும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வோல்ற் பொருந்தினாலும் ஹேட்ஸ் பொருந்தாது. 50 ஹேட்ஸுக்கென்று செய்த தண்ணீர் மோட்டர் 60 ஹேட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு கூடிய வேகத்தில் சுழலும். பம்பியின் வேகம் 20 சதவீதம் கூடும்போது அது இழுக்கும் வலு ஏறத்தாழ 70 சதவீதம் கூடிவிடுவதால், மோட்டர் சூடேறிக் கருகும். எஞ்சினின் வேகத்தை நிமிடத்துக்கு 3,600 சுற்றிலிருந்து 3,000 சுற்றுக்குக் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்மார் இங்கே கிடைப்பார்கள். அப்படிக் குறைத்தால் வோல்றும் வலுவும் சேர்ந்தே விழும். பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களின் இயந்திரங்கள் இங்குள்ள மின்சாரத்துக்குப் பொருந்துமாயினும், பழுதாகும்போது உதிரிப்பாகத்துக்கும் உத்தரவாதத்துக்கும் எங்கே போவது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி, இடம். கொழும்பில் நம்மவர்கள் இருக்கும் ஒழுங்கைகளில் ஆறு, எட்டுப் பேர்ச் அளவான சிறு காணியில் மதிலோடு மதிலாக வீடுகள் நிற்கின்றன. ஜெனரேட்டரை வீட்டின் கதவு யன்னல்களிலிருந்து ஆறு மீற்றராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி திறந்த வெளியில் வைக்க வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு விதி. உங்கள் யன்னலிலிருந்து ஆறு மீற்றர் என்று அளந்து வைத்தால், அது பக்கத்து வீட்டாரின் படுக்கையறை யன்னலுக்கு ஒரு மீற்றரில் போய் நிற்கும். கார் நிறுத்தும் போர்ட்டிக்கோ பார்வைக்குத் திறந்த இடம்போல் இருந்தாலும், வீட்டோடு ஒட்டியிருப்பதால் புகை நேரே முன்னறைக்குள் நுழையும்.

இதை நான் ஏட்டைப் படித்துச் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் ஒரு மாலை, மழைக்கும் கள்வருக்கும் பயந்து, எங்கள் ஜெனரேட்டரைக் குசினிக்குப் பின்னால் உள்ள தாழ்வாரத்தில் வைத்து இயக்கினோம். சத்தம் கேட்காமல் இருக்கக் குசினிக் கதவையும் சாத்திவிட்டோம். ஒரு மணிநேரத்துக்குள், பின்னறையில் படுத்திருந்த அம்மா தலையிடிக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். பிரஷர் கூடிவிட்டது என்று எண்ணி மாத்திரையைத் தேடிக்கொண்டு நின்றோம். எனக்கும் தலை பாரமாக இருப்பதை உணர்ந்த பின்னரே விஷயம் விளங்கியது. இயந்திரத்தை நிறுத்தி, அம்மாவை வாசலுக்குத் தூக்கி வந்து காற்றில் இருத்தினோம். வெகுநேரம் சென்றே தெளிந்தார். ஜெனரேட்டர் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் கூடிய நாட்டத்துடன் சேர்ந்துகொள்வதால், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே உடம்புக்கு ஒட்சிசன் இல்லாமல் போய்விடும். நித்திரையில் இருப்பவர் எழும்ப மாட்டார். எண்பது வயதில் தனியே இருப்பவர்களுக்கு நாம் அன்போடு வாங்கிக் கொடுக்கும் பொருள் இப்படியும் ஆகலாம் என்பதை இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து ஏதாவது அனுப்பத்தான் வேண்டுமென்றால், பற்றறியில் இயங்கும் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இரண்டை அனுப்புங்கள். அதற்கு வோல்ற், ஹேட்ஸ் சிக்கல் எதுவும் இல்லை. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் இ.என். 50291 என்ற தரக்குறியும், கனடாவிலும் அமெரிக்காவிலும் யு.எல். குறியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கி, ஒன்றைப் பெற்றோர் படுக்கும் அறையில் பொருத்தச் சொல்லுங்கள்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்குப் பெற்றோல் ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். பல்கனியில் வைத்து இயக்கலாம் என்று விற்பவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். பெரும்பாலான தொடர்மாடிகளில் லிப்டுக்கும் தண்ணீருக்கும் பொது ஜெனரேட்டர் இருக்கிறது. வீட்டுக்குள் இரண்டு மின்விசிறி, நான்கு பல்ப், இணைய ரூட்டர் ஆகியன ஓடினால் போதும். அது ஏறத்தாழ 200 வாற். அதற்கு ஒரு பற்றறியும், அதன் மின்னை வீட்டு மின்னாக மாற்றித் தரும் இன்வேர்ட்டரும் போதும். 12 வோல்ற், 100 அம்பியர்மணி ஈய அமில பற்றறி ஒன்றில் பாதியை மட்டும் பயன்படுத்துவதென்று வைத்தாலும் ஏறத்தாழ மூன்று மணிநேரம் தாங்கும். லிதியம் பற்றறி கூடிய விலையாயினும் நெடுங்காலம் உழைக்கும். சத்தமும் புகையும் இல்லை, கயிறு இழுக்கவும் வேண்டாம்.

இங்கே எவ்வளவு நேரம் கரண்ட் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதால் நாடு முழுவதும் கரண்ட் போனது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதால் அடுத்த இரு நாட்களும் ஒன்றரை மணிநேரம் வீதம் வெட்டினார்கள். அந்த ஒன்றரை மணிநேரத்துக்குப் பற்றறியே போதும். தென்மேல் பருவக்காற்றில் மரம் முறிந்து கம்பி அறுந்து, திருத்தும் ஆட்கள் வரும்வரை ஒரு பகலும் இரவும் காத்திருக்கும் இடங்களுக்குத்தான், காணியும் உள்ள தனி வீட்டுக்குத்தான், பெற்றோல் ஜெனரேட்டர் பொருந்தும்.

தெஹிவளை வீட்டில் பின்வளவு இருப்பதால் அங்கே ஒன்று வைக்கலாம். எதை வாங்குவது? இரண்டு வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பிரிட்ஜ் 200 வாற், இரண்டு மின்விசிறி 140, ஆறு எல்.ஈ.டி. பல்ப் 54, தொலைக்காட்சி 80, ரூட்டரும் தொலைபேசிச் சார்ஜரும் 35 என்று கூட்டினால் 500 வாற்றைச் சற்றுத்தான் தாண்டும். ஆனால் பழைய பிரிட்ஜின் கொம்பிரசர் கிளம்பும் கணத்தில் அது ஓடும்போது இழுப்பதைப்போல் சில மடங்கு இழுக்கும். அரைக் குதிரைவலுத் தண்ணீர் மோட்டரும் அப்படியே. ஆகவே தொடர்ந்து 1,800 வாற்றும், கிளம்பும் கணத்துக்கு 2,200 வாற்றும் தரும் இயந்திரம் போதும். தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் கால் மணிநேரம் பிரிட்ஜை நிறுத்திவைக்கப் பழக்கிவிடுங்கள். மின்கேத்தலையும் குளியலறைச் சுடுநீர்க் கருவியையும் இதில் கொழுவவே கூடாது.

கடையில் எழுதியிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் கணநேர உச்சத்தைத்தான் சொல்லும். தொடர்ந்து எவ்வளவு தரும் என்ற எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். நான் வாங்கியதில் 3 கே.வி.ஏ. (வாற் கணக்கில் ஏறத்தாழ 3,000 வரை) என்று பெரிதாக எழுதியிருந்தது. ஆனாலும் பிரிட்ஜும் மோட்டரும் சேர்ந்து கிளம்பினால் எஞ்சின் திணறி நின்றுவிடும். மின் பிறப்பிக்கும் சுருளில் இருப்பது செம்புக் கம்பியா, மலிவான அலுமினியமா என்று கேட்கவும் அன்று எனக்குத் தெரியவில்லை.

சாதாரண ஜெனரேட்டருக்கும் இன்வேர்ட்டர் ஜெனரேட்டருக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. சாதாரண வகை, சுமை சிறிதாயினும் பெரிதாயினும் 3,000 சுற்றிலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனெனில் அதன் ஹேட்ஸ் எஞ்சின் வேகத்தோடு கட்டுண்டது. இன்வேர்ட்டர் வகை, மின்னை முதலில் நேரோட்டமாக்கிப் (டி.சி.) பின்னர் சீரான ஆடலோட்டமாக (ஏ.சி.) மாற்றித் தருவதால், சுமை குறையும்போது எஞ்சின் அடங்கி ஓடும். பெற்றோல் மிச்சம், சத்தம் குறைவு, மின்னணுச் சாதனங்களுக்கும் நல்லது. உதாரணமாக ஹொண்டா இ.யு.22.ஐ. ஏறத்தாழ 21 கிலோ, 3.6 லீற்றர் தாங்கியைக் கொண்டு காற்பங்குச் சுமையில் எட்டு மணிநேரம்வரை ஓடும். அதைத்தான் வாங்க வேண்டுமென்பதில்லை. அந்த அளவும் அந்த நிறையும்தான் முக்கியம். தம்பி சொன்ன 5,000 வாற் இயந்திரத்தை உங்கள் அப்பாவால் அசைக்கக்கூட முடியாது. கயிறு இழுக்கத் தோள் இடங்கொடாவிட்டால் பொத்தானில் கிளம்பும் வகையைப் பாருங்கள். ஆனால் அதன் பற்றறியும் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் இறங்கிவிடும்.

வாங்கும் பணத்தில் ஒரு பங்கை வயரிங்குக்கென்று ஒதுக்கி வையுங்கள். இரு முனையிலும் பிளக் உள்ள வயரைச் சுவரில் கொழுவி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. அது கொலைக்குச் சமம். மெயின் சுவிட்சை நிறுத்த மறந்தால், 230 வோல்ற் வீதிக் கம்பியில் ஏறி, ட்ரான்ஸ்போமர் வழியே 11,000 வோல்றாக உயர்ந்து, கம்பத்தில் நின்று திருத்திக்கொண்டிருக்கும் ஊழியரைத் தாக்கும். அனுமதிப்பத்திரம் உள்ள எலக்ட்ரீசியன் ஒருவரைக் கொண்டு, வீதி மின்சாரம், ஜெனரேட்டர் ஆகிய இரண்டில் ஒன்றோடு மட்டும் வீட்டை இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டு, புவித்தொடுப்பையும் (எர்த்), மின் கசிந்தால் கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் ஜெனரேட்டரில் ஓடும்போதும் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்கச் செய்ய வேண்டும். கூரையில் சோலார் போட்ட வீடுகளில் இது இன்னும் முக்கியம். பற்றறி இல்லாத சோலார், கரண்ட் போகும்போது தானும் நின்றுவிடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும்போது அது இணைப்பில் இருந்தால், ஜெனரேட்டரை மின்வழங்கல் என்று எண்ணித் தன் மின்னை அதற்குள் தள்ளப் பார்க்கும்.

பெற்றோல் நிலைமையை வெளிநாட்டில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறீர்கள். 2022 இல் ஒரு லீற்றர் 470 ரூபா வரை ஏறியது. கானில் பெற்றோல் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். பிறகு பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். ஜெனரேட்டர் இருந்தும் நாங்கள் இருளில் இருந்தோம். அதற்காகப் பெற்றோலை வீட்டுக்குள் சேர்த்து வைக்கவும் கூடாது. சில மாதங்களில் அது பழுதாகிக் காபரேற்றரை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை ஒரு மின்விசிறியைக் கொழுவி இருபது நிமிடம் ஓட்டி, பெற்றோல் குழாயைப் பூட்டி, தானாக நிற்கும்வரை விட வேண்டும். முதல் எண்ணெய் மாற்றம் 20 மணிநேரத்தில். சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றக் கூடாது. இவற்றையெல்லாம் பெற்றோரிடம் விட்டுவிடாமல், அயலில் உள்ள இளையவர் ஒருவரிடம் மாதக் கூலிக்கு ஒப்படைப்பதே நல்லது.

தம்பி, வருகிற சனிக்கிழமை நான் தெஹிவளைக்குப் போய்ப் பின்வளவை அளந்து பார்க்கிறேன். அதற்கு முன் அம்மாவிடம் சொல்லி, பிரிட்ஜின் பின்புறமும் தண்ணீர் மோட்டரிலும் உள்ள தகடுகளைப் படமெடுத்து அனுப்பச் செய்யுங்கள். பக்கத்து வீட்டாரின் யன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் அண்ணன்