ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைச் சம்பளம் கொடுத்தால் போதுமா?

செக்கிங் அக்கா:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கும் வேலையில் இருக்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே. சாப்பாடு, டீ போக 12 மணி நேர வேலை, வாரம் ஆறு நாள். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 480 ரூபாய், இந்த 12 மணி நேரம் ஒன்றரை ஷிப்ட், அதற்கு 720. கூடுதல் நேரத்துக்கு டபுள் வரணும் என்கிறாள் பக்கத்து டேபிள் பெண். சூப்பர்வைசரைக் கேட்டால், "எல்லாக் கம்பெனியிலும் இதுதான் கணக்கு" என்கிறார். யார் சொல்வது சரி?

கணக்குப்பிள்ளை:
பக்கத்து டேபிள்தான் சரி. வாரம் 72 மணி நேரத்தில் சட்டப்படியான 48 போக 24 மணி ஓவர்டைம். மணிக்கு 60 வீதம் 48 மணிக்கு 2,880. மீதி 24 மணிக்கு 120 வீதம் இன்னொரு 2,880. மொத்தம் 5,760. உங்கள் கைக்கு வருவது 4,320. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை 1,440 ரூபாய் குறைகிறது. பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவிலும் டபுள்தான் இருந்தது, 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் டபுள்தான். புதியதில் ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும்.

ஜாப்வொர்க்காரன்:
எக்ஸ்போர்ட்காரருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறவன் நான், சட்டம் எனக்கும் தெரியுங்க. துணி வாங்குகிற பையர் பீஸுக்கு விலை முடித்துவிட்டுப் போகிறான், எக்ஸ்போர்ட்காரர் தன் பங்கைக் கழித்துக்கொண்டு எனக்குத் தருகிறார். டபுள் சம்பளத்துக்கு அதில் இடம் எங்கே இருக்கிறது? சாயப்பட்டறையில் துணி மூணு நாள் தாமதமாகும், ஆனால் கன்டெய்னர் தேதி மாறாது. அந்த மூணு நாளை நான் ராத்திரியில்தான் பிடிக்கணும். அப்புறம், வேலைக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே "ஒன்றரை உண்டா?" என்பதுதான். எட்டு மணி நேரம் மட்டும் என்றால் அடுத்த வாரம் பக்கத்துக் கம்பெனியில் நிற்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
எட்டு மணி நேரக் கூலியில் வாடகையும் மளிகையும் சமாளிக்க முடியாமல்தான் ஒன்றரை கேட்கிறார்கள். அதைச் சிங்கிள் ரேட்டுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது அண்ணா. இதே கணக்கைக் கொரோனா நேரத்தில் குஜராத் அரசு உத்தரவாகவே போட்டது: 8 மணிக்கு 80 ரூபாய் என்றால் 12 மணிக்கு 120. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று அதை ரத்து செய்து, அந்த மாதங்களில் வேலை செய்தவர்களுக்கு ஓவர்டைம் கூலி கொடுக்கச் சொன்னது. ஓர் அரசே உத்தரவு போட்டும் செல்லாத கணக்கு இது.

பவர்டேபிள் டைலர்:
நான் பீஸ்ரேட், தைத்த பீஸ் எண்ணிக்கைக்குத்தான் கூலி. எனக்கு ஓவர்டைமே கிடையாது என்கிறார்களே?

கணக்குப்பிள்ளை:
உண்டு. பழைய சட்டத்தின் 59ஆம் பிரிவிலேயே வழி இருந்தது. முந்தின மாதம் அதே வேலையில் முழு நேரம் உழைத்த நாள்களின் சராசரி வருமானம்தான் அதில் சாதாரணக் கூலி. கூடுதல் நேரத்துக்கு அதில் இரண்டு மடங்கு. இன்னொன்று, பழைய சட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் உச்சவரம்பு பொதுவாக 50 மணிதான் இருந்தது. தினம் நாலு மணி என்றால் மூன்றாவது திங்கட்கிழமை சாயங்காலமே தீர்ந்துவிடும். மீதிப் பத்து வாரத்தை எந்த நோட்டில் எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

செக்கிங் அக்கா:
எங்களிடம் இரண்டு நோட்டு உண்டு, ஒன்று ஆடிட்டில் காட்ட மட்டும். ஆடிட் வருகிற அன்று மட்டும் ஐந்தரைக்கே மணி அடிக்கும். புள்ளைங்க "அம்மா சீக்கிரம் வந்துடுச்சு" என்று வாசலுக்கு ஓடி வரும்.

ஜாப்வொர்க்காரன்:
அக்கா சொல்வதை மறுக்கவில்லை. நானும் டைலராக இருந்து வந்தவன்தான். பக்கத்துக் கம்பெனிக்காரன் டபுள் கொடுக்கட்டும், மறுநாளே நானும் கொடுக்கிறேன். நான் மட்டும் கொடுத்தால் ரேட் கட்டாது, ஆர்டர் அங்கே போய்விடும்.

பவர்டேபிள் டைலர்:
அவரும் உங்களைக் காட்டித்தான் இதையே சொல்வார்ணா.

கணக்குப்பிள்ளை:
அக்கா, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அதற்கு முன்னால், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் தினமும் எழுதி வையுங்கள். கம்பெனி நோட்டில் அது இருக்காது.

செக்கிங் அக்கா:
எழுத ஆரம்பித்துவிட்டேன், காலண்டர் தாளிலேயே. மனுவை மட்டும் தீபாவளி போனஸ் கைக்கு வந்தபிறகு பார்க்கலாம் என்று இருக்கிறேன்.