அப்பாவுக்குப் பெருங்குடல் புற்று, நான் கீட்டோவில்: குடல் பாக்டீரியா பயம் நியாயமா?

கட்டபெட்டு டீ:
கோத்தகிரி பக்கம், வயசு 38. அப்பாவுக்கு 49 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாக இருக்கிறார். நான் எடை குறைக்க கீட்டோ, அதாவது மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை, தொடங்கினேன். வெண்ணெய், சீஸ், முட்டை, சாசேஜ் என்று போகிறது, சோறும் களியும் அடியோடு நிறுத்தியாச்சு. கொழுப்பு அதிகம் தின்றால் குடல் பாக்டீரியா மாறிப் புற்று வரும் என்று தங்கை ஒரு வீடியோ அனுப்பிப் பயமுறுத்துகிறாள். இதில் எவ்வளவு உண்மை?

பெட்ரி தட்டு:
உங்கள் தங்கை முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. கொழுப்பு செரிக்கக் கல்லீரல் பித்த அமிலங்களை விடுகிறது, அதில் 95 சதவீதம் போல சிறுகுடலின் கடைசியிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும், மிச்சம்தான் பெருங்குடலுக்குப் போகிறது. கொழுப்பு கூடினால் அந்த மிச்சமும் கூடும். அங்கே இருக்கும் சில பாக்டீரியாக்கள் அதை டீஆக்ஸிகோலிக் அமிலமாக மாற்றும். அது குடல் செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தக் கூடியது. 2012இல் வந்த ஓர் எலி ஆய்வில் பால் கொழுப்பு கொடுத்ததும் பைலோஃபைலா வாட்ஸ்வொர்த்தியா என்ற பாக்டீரியா பெருகியது. அது குடலுக்குக் கேடு செய்யக்கூடிய ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும் ரகம்.

மனிதர்களில் எனக்குப் பிடித்தது 2015 ஆய்வு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேர், இரண்டே வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். நார் கூடி கொழுப்பு குறைந்த அமெரிக்கர்களுக்குக் குடல் செல்களின் முக்கிய எரிபொருளான பியூட்டிரேட் கூடியது, அந்த மோசமான பித்த அமிலங்கள் குறைந்தன. மறுபக்கம் நேர் எதிர். ஆனால் இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்று வந்ததாகவோ போனதாகவோ அர்த்தமில்லை, ஆபத்தைக் காட்டும் அளவீடுகள் மாறின, அவ்வளவுதான்.

அருவங்காடு:
கொழுப்பை மட்டும் வில்லனாக்காதீர்கள். அமெரிக்காவில் சுமார் 49,000 பெண்களை வைத்து 8 வருஷம் கொழுப்பு குறைத்த உணவுச் சோதனை நடத்தி 2006இல் முடிவு வெளியிட்டார்கள், பெருங்குடல் புற்று குறையவில்லை.

பெட்ரி தட்டு:
சரிதான் சார், ஆனால் கொழுப்பை மொத்தக் கலோரியில் 20 சதவீதமாகக் குறைக்கும் இலக்கை அவர்களில் பெரும்பாலோர் எட்டவே இல்லை, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வெண்ணெயை விட அந்த சாசேஜ்தான் உறுத்துகிறது. பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், வைத்துவிட்டது, தினம் 50 கிராமுக்குப் பெருங்குடல் புற்று ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்ற கணக்கோடு. நாரை நிறுத்தியதும் அதே அளவு கவலை.

சாமைக்கஞ்சி:
கீட்டோவே வேண்டும் என்றால் கீரை, பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று நம்ம ஊரில் விளைவதையாவது நிறைய போடுங்கள் தம்பி, விலைக்கா பஞ்சம்? என்னைக் கேட்டால் சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போதும். டீக்கு வர்க்கி மட்டும் நானும் விடவில்லை, அதில் கொழுப்பு நிறைய என்று தெரிந்தேதான்.

குன்னூர் நர்ஸ்:
எல்லாரும் பாக்டீரியாவிலேயே நிற்கிறீர்கள். அப்பாவுக்கு 49இல் வந்திருக்கிறது, அப்படியென்றால் பிள்ளைகளுக்கு 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாடியோ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. உங்கள் கணக்கில் அது 39 வயதில், அதாவது அடுத்த வருஷம். பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி குடலில் இருந்தால் புற்றாக மாறும் முன்னே அப்போதே எடுத்துவிடலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை இருந்தால் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். தங்கைக்கும் இதே கணக்குதான்.

கட்டபெட்டு டீ:
சாசேஜை இன்றோடு விட்டாச்சு. அக்கா, பரிசோதனைக்குக் கோவைக்குத்தான் போகணும், குடலைக் காலி செய்யும் பேதி மருந்து குடித்துவிட்டு மலை இறங்கும் பஸ்ஸில் எப்படிங்க உட்காருவது?

குன்னூர் நர்ஸ்:
உட்காரவே முடியாது! முந்தின நாளே கீழே போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கி அங்கே குடியுங்கள். மயக்க மருந்து கொடுத்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, திரும்பி வர யாரையாவது கூட்டிப் போங்கள். தங்கையே வரட்டும்.